நீல அட்டைக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் நிரந்தரவாசிகளாக வாழும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு,

உங்கள் பணப்பையில் இருக்கும் அடையாள அட்டை நீல நிறம். குடிமக்களின் அட்டை இளஞ்சிவப்பு. காலை ஏழரை மணிக்கு எம்ஆர்டி ரயிலில் நெருக்கியடித்து நிற்கும் இருவரில் யாரிடம் எந்த அட்டை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இருவரும் ஒரே கோப்பிக்கடையில் சாப்பிடுகிறார்கள். இருவர் சம்பளத்திலும் மத்திய சேமநிதி பிடிக்கப்படுகிறது. இருவர் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் தமிழ் படிக்கிறார்கள். வேறுபாடு தலைகாட்டும் இடங்கள் சில மட்டுமே: பள்ளிச் சேர்க்கை, வீடு வாங்கும் நாள், வேலை போகும் மாதம், மகனுக்குப் பதினாறரை வயதாகும்போது வரும் தேசிய சேவைக் கடிதம். நிரந்தரவாசத்திலேயே நிற்பதா, குடியுரிமைக்குப் போவதா என்று நீங்கள் பேச உட்காரும்போது முதல் மூன்றும் விரிவாகப் பேசப்படுகின்றன. நான்காவது கடைசியில் வருகிறது. பல வீடுகளில் வராமலே போகிறது. இந்த மடல் எழுதப்படுவதற்குக் காரணம் அதுதான்.

'இரண்டாவது குடியுரிமை' என்ற சொல் உங்கள் விஷயத்தில் பொருந்தாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கனடாவில் குடியேறிய ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் இலங்கைக் குடியுரிமையையும் கூடவே வைத்துக்கொள்ள வழி உண்டு. விண்ணப்பித்தால் இலங்கைச் சட்டம் இடம் தருகிறது, கனடாவும் தடுப்பதில்லை. உங்களுக்கோ இரு பக்கமும் கதவு அடைத்திருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 9ஆம் பிரிவும், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் ஒன்றைத்தான் சொல்கின்றன: விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையை ஏற்பவர் இந்தியக் குடிமகனாக நீடிப்பதில்லை. சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விண்ணப்பம் கொள்கையளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு பழைய குடியுரிமையைத் துறந்தாக வேண்டும். ஆகவே உங்கள் முன் இருப்பது ஒன்றோடு இன்னொன்றைச் சேர்ப்பதல்ல, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது. 2022இல் மட்டும் 2,25,620 இந்தியர்கள் குடியுரிமையைத் துறந்ததாக இந்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எத்தனை பேர் போனார்கள் என்பது நீங்கள் போக வேண்டுமா என்பதற்கு விடையாகாது. ஆனாலும் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த எண்ணிக்கையே ஒரு வாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நிரந்தரவாசம் என்ற பெயரில் 'நிரந்தரம்' இருப்பது பாதி உண்மை. சிங்கப்பூருக்குள் இருக்கும்வரை அந்தத் தகுதிக்குக் கெடு கிடையாது. வெளியே போய்த் திரும்பி வருவதற்குத்தான் மறுநுழைவு அனுமதி வேண்டும். அது பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. புதுப்பிக்கும்போது வேலை, வருமானம், குடும்பத்தின் வேர் எல்லாம் பார்க்கப்படுகின்றன. செல்லுபடியாகும் மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் இருந்துவிட்டால் நிரந்தரவாசமே கைநழுவக்கூடும். நாற்பது வயதில் இது ஒரு படிவம், அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயதில் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்த மறுமாதம் அதே படிவம் வந்தால் அன்று தூக்கம் வராது. இத்தனை ஆண்டு வரியும் சேமநிதியும் கட்டிய குடும்பம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் தகுதியை நிரூபிக்க வேண்டியிருப்பது நியாயமா என்று கேட்கிறீர்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் நிரந்தரவாசத்தின் இயல்பே அதுதான். வந்தவரை ஏற்றுக்கொண்ட ஒரு நாடு, வந்தவர் இன்னும் தன்னை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் கணக்கில் வைத்திருக்கிறது.

பணக் கணக்கு உங்களுக்கு மனப்பாடம். அதனால் சுருக்கமாகவே சொல்லலாம். கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. மறுவிற்பனை வீட்டுக்கும் இருவரும் தகுதி பெற்று மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டு முடிந்து வீடு பிடித்துப்போனாலும், மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கான ஒதுக்கீடு, வட்டாரத்தில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காடு, நிரம்பியிருந்தால் அந்த வீடு கிடைக்காது. வாங்கும் முதல் வீட்டுக்கு 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி உண்டு. 6 லட்சம் வெள்ளி வீட்டுக்கு அது 30,000 வெள்ளி. குடிமகனுக்கு முதல் வீட்டில் இந்த வரியே இல்லை. இரண்டாவது வீட்டுக்கு 2023 ஏப்ரல் முதல் குடிமகனுக்கு 20, நிரந்தரவாசிக்கு 30 விழுக்காடு. தொடக்கப்பள்ளி முதல் வகுப்புப் பதிவில் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால், ஒவ்வொரு கட்டத்திலும் குடிமக்களின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. பள்ளிக் கட்டணமும் உங்களுக்குத் தனி. குழந்தை பிறந்ததற்கான போனஸ் குடிமக்களின் குழந்தைக்கு மட்டும். ஊரிலுள்ள வயதான பெற்றோருக்கு நிரந்தரவாசம் கேட்டு விண்ணப்பிக்கும் உரிமையும் குடிமகனுக்கே உண்டு. நிரந்தரவாசி நீண்டகால வருகை அனுமதிக்குத்தான் முயல முடியும். இந்தப் பட்டியலில் பெற்றோர் விஷயம் ஒன்றுதான் பணத்தால் ஈடுகட்ட முடியாதது.

நிரந்தரவாசத்தின் பக்கம் ஒரு பெரிய எடை இருக்கிறது. அது மத்திய சேமநிதி. ஐம்பத்தைந்து வயது வரை உங்கள் பங்கு சம்பளத்தில் 20 விழுக்காடு, முதலாளி தரும் பங்கு 17. நிரந்தரவாசத்தை ஒப்படைத்துவிட்டு ஒரேயடியாகக் கிளம்பும் நாளில் இந்தச் சேமிப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு போகலாம். குடிமகனுக்கு, குடியுரிமையை வைத்திருக்கும்வரை, அந்த வழி கிடையாது. சேமநிதி அவனுக்கு முதுமைக்காலத்துக்கு உரியது, மொத்தமாக அவிழ்க்கும் முடிச்சு அல்ல. திருச்சியில் அடுக்குமாடி வீடு, மகள் கல்யாணம், பத்தாண்டு கழித்துத் திரும்புதல் என்ற திட்டத்தோடு இருப்பவருக்கு இது உண்மையான கணக்கு. அதைப் பேராசை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'திரும்புதல்' என்ற அந்தச் சொல் வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. மயிலாடுதுறையில் பிறந்தவருக்கு அது திரும்புதல். செங்காங்கில் பிறந்த பையனுக்கு அது புலம்பெயர்தல்.

இந்தியப் பக்கத்தில் எதை இழக்கிறீர்கள் என்பது பற்றிக் கோப்பிக்கடைப் பேச்சில் பாதி தவறாகவே புழங்குகிறது. நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "சிட்டிசன் ஆகிவிட்டால் ஊர் வயல் போய்விடும்" என்ற பயம் உங்களில் பலரை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவர் விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனாலும், அதாவது இன்றைய உங்களாலும், அவற்றை வாங்க முடியாது. அந்நியச் செலாவணி விதிகள் இருவரையும் இந்த இடத்தில் ஒன்றாகவே நடத்துகின்றன. அப்பாவின் வயல் வாரிசுரிமையாக வந்தால் இருவருமே வைத்துக்கொள்ளலாம். வேறுபாடு ஊருக்கே திரும்பிக் குடியிருக்கும்போது தெரியும்: இந்தியக் குடிமகன் மறுபடி நிலம் வாங்கத் தடையில்லை. வரியும் அப்படித்தான். இந்தியாவில் வருமான வரி பெரும்பாலும் ஓர் ஆண்டில் எத்தனை நாள் அங்கே தங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து விதிக்கப்படுவதல்ல.

உண்மையில் இழப்பவை வேறு. ஓசிஐ என்ற பெயரிலேயே 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' என்று இருந்தாலும் அது குடியுரிமை இல்லை. ஆயுள் முழுவதும் செல்லும் ஒரு விசா, அதோடு சில சலுகைகள். வாக்குரிமை இல்லை, தேர்தலில் நிற்க முடியாது, அரசுப் பணி கிடையாது. செய்தித் துறை, ஆய்வு, மதப் பிரசாரம் போன்றவற்றுக்கு 2021 மார்ச் 4 அறிவிக்கையின்படி தனி அனுமதி வாங்க வேண்டும். அட்டையை ரத்துச் செய்யும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. ரத்துச் செய்யுமுன் விளக்கம் கேட்க வேண்டும் என்ற பாதுகாப்பு 2019 திருத்தத்தில்தான் சட்டத்தில் சேர்ந்தது. வாக்கு இழப்பது பெரிதா என்றால், உங்களில் எத்தனை பேர் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்கள்? 2010 திருத்தம் அந்த உரிமையைத் தந்தது. ஆனால் வாக்குச் சாவடிக்கு நேரில் போய்த்தான் போட வேண்டும். தேர்தலுக்காகப் பட்டுக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்தவர்கள் மிகச் சிலர்.

மருத்துவப் படிப்பு என்ற கனவு வீட்டில் இருந்தால் அதே அறிவிக்கையை இன்னொரு முறை படியுங்கள். நீட் தேர்வில் ஓசிஐ மாணவர்கள் வெளிநாடு வாழ் இந்தியருக்கான இடங்களுக்கோ கூடுதலாக உருவாக்கப்படும் இடங்களுக்கோதான் போட்டியிடலாம். இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமான பொது இடங்கள் கிடையாது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த அறிவிக்கைக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நீங்கள் இனி வாங்கப்போகும் அட்டைக்கு அந்தத் தீர்ப்பு உதவாது. சிங்கப்பூரில் இடம் கிடைக்காவிட்டால் ஊரில் எம்பிபிஎஸ் படிக்க வைத்துக்கொள்ளலாம் என்று மனத்தின் ஓரத்தில் ஒரு திட்டம் இருந்தால், குடியுரிமைப் படிவம் அந்தத் திட்டத்தின் விலையைப் பலமடங்கு உயர்த்திவிடும்.

இன்னொரு சிறிய ஆபத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த நாளுக்கும் ஓசிஐ அட்டை கைக்கு வரும் நாளுக்கும் இடையில் சில வாரங்கள் ஓடும். அந்த இடைவெளியில் நள்ளிரவில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தால், நான்கு மணி நேரத் திருச்சி விமானத்தில் நினைத்தவுடன் ஏற முடியாது, விசா வேண்டும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத ஆண்டில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இனி மகனுக்கு வருவோம்.

சிங்கப்பூரில் தேசிய சேவை 1967 முதல் கட்டாயம். குடிமக்களோடு நிரந்தரவாசிகளுக்கும் அது உண்டு. ஆனால் ஒரு விதிவிலக்கோடு. வேலைத் திறனின் அடிப்படையில் நிரந்தரவாசம் பெற்ற முதல் தலைமுறை, அதாவது தந்தை, சேவை செய்ய வேண்டியதில்லை. பெற்றோரின் ஆதரவில் அந்தத் தகுதியைப் பெற்ற மகன் செய்தாக வேண்டும். பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டு வயதிலிருந்து இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை, பிறகு நாற்பது வயது வரை, அதிகாரியானால் ஐம்பது வரை, ஆண்டுதோறும் அழைப்பு வரலாம். மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பதின்மூன்று வயதிலிருந்தே, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க வேண்டுமானால் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து தாத்தா பாட்டியிடம் ஊரில் படிக்கட்டும் என்ற யோசனையும் அந்த வயதில் அனுமதிக்கு உட்பட்டுவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், கடமையைச் சுமக்கிறவர் வேறொருவர். படிவத்தில் மகனின் பெயரை எழுதும்போது அவனுக்கு நான்கோ ஐந்தோ வயது. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து விண்ணப்பித்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்; பள்ளிக் கட்டணம் குறையும், வேலை அனுமதிச்சீட்டை நம்பியிருக்க வேண்டாம் என்ற கணக்குகளும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் குடியுரிமையா நிரந்தரவாசமா என்று பன்னிரண்டு ஆண்டு கழித்து நீங்கள் விவாதிக்கும் கேள்விக்கு மகனைப் பொறுத்தவரை அன்றே விடை எழுதப்பட்டுவிட்டது. குடிமகனின் மகனுக்கும் நிரந்தரவாசியின் மகனுக்கும் படைமுகாமில் ஒரே சீருடை, ஒரே இரண்டு ஆண்டு. நீல அட்டை அவனுக்கு எந்தக் கடமையையும் குறைக்கவில்லை. குடிமகனின் மகனுக்குக் கிடைக்கும் உரிமைகளை மட்டும் குறைத்தது.

கடிதம் வரும் வேளையில் மகனின் நிரந்தரவாசத்தை ஒப்படைத்துவிடும் குடும்பங்கள் உங்களில் உண்டு. சட்டப்படி அது செய்யக்கூடியதே. அதன் பின்விளைவு அவனோடு வாழ்நாள் முழுவதும் வரும்: சேவை முடிக்காமல் தகுதியைத் துறந்தவர் பிற்காலத்தில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ கேட்டால் அது பாதிக்கப்படக்கூடும், பெற்றோரின் மறுநுழைவு அனுமதிப் புதுப்பித்தலிலும் அது கணக்கில் வரக்கூடும். அவன் பிறந்து வளர்ந்த ஊர் இது. பதினேழு வயதில் அவனுடைய எல்லா நண்பர்களும் இருக்கும் நகரத்தின் கதவை அவனுக்காகப் பெற்றோர் மூடுகிறார்கள். இதை உங்கள் அண்டைவீட்டுச் சீனரும் மலாய்க்காரரும் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் பிள்ளைகள் சேவைக்குப் போனார்கள். பத்தாண்டு ஒன்றாகப் படித்த பையன் கடைசி நேரத்தில் காணாமல் போனால், அந்தக் கசப்பு அடுத்து வரும் தமிழ்நாட்டுக் குடும்பத்தின் மீதுதான் விழும்.

மறுபக்கம் இன்னொரு வகைக் குடும்பம். மகன் சேவையை முடித்துவிட்டான். பெற்றோர் மட்டும் சேமநிதியை எண்ணி நீல அட்டையிலேயே நிற்கிறார்கள். இருபத்தொரு வயதில் மகன் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் போகிறான். இந்தத் தேசத்துக்காக இரண்டு ஆண்டு துப்பாக்கி தூக்கியவன் தேர்தல் நாளில் கட்டாயமாக வாக்களிக்கப் போகிறான்; அவனை அனுப்பிய தந்தை வீட்டில் இருக்கிறார். இதில் சட்டக் குற்றம் ஏதுமில்லை. ஆனால் மகனின் இரண்டு ஆண்டைக் கொடுத்துவிட்ட பிறகும் கதவருகில் பெட்டியோடு நிற்பதற்குக் காரணம் கண்டுபிடிப்பது கடினம். மகன் சேவை செய்வான் என்று முடிவெடுத்த குடும்பத்துக்கு நிரந்தரவாசம் என்ற நடுநிலை பெரும்பாலும் அர்த்தமிழந்துவிடுகிறது. குடியுரிமையே அதற்குத் தகுந்த முடிவு.

ஒன்றைத் தனியாகக் குறித்துவையுங்கள். ஓசிஐ விதிகளில், வெளிநாட்டு ராணுவத்தில் பணியாற்றுகிறவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் அட்டை கிடையாது என்று ஒரு வரி இருக்கிறது. சேவைக்குப் போகும் வயதில் மகன் இருந்தால், குடியுரிமை மாறுமுன்பே இந்தியத் தூதரகத்தில் இது குறித்து எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

'ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே' என்ற ஏற்பாடு இப்போது உங்களிடையே பரவலாக இருக்கிறது: மனைவி குடிமகள், கணவர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு நிரந்தரவாசி. வீட்டுக் கணக்கில் இது புத்திசாலித்தனம். ஒருவர் குடிமகனாக இருந்தாலே வீவகவின் புதிய வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு 10,000 வெள்ளி அதிகம் கட்ட வேண்டும், அவ்வளவே. தம்பதியாக வாங்கும் முதல் வீட்டின் கூடுதல் முத்திரை வரிக்கும் விலக்கு கிடைக்கும். கணவரின் சேமநிதி வெளியேறும் வழியோடு இருக்கும். ஊர்ப் பத்திரப் பதிவுக்கு இந்தியக் குடிமகனாகவே போகலாம். ஆனால் பிள்ளையைப் பாதி பாதியாகப் பிரிக்க முடியாது. தாய் குடிமகளான பிறகு இங்கே பிறக்கும் குழந்தை சிங்கப்பூர்க் குடிமகன். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் எடுத்தபின் அவனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுக்க முடியாது. பெற்றோர் இரண்டு கூடையில் முட்டை வைத்துக்கொண்டாலும் மகன் ஒரே கூடையில்தான் இருக்கிறான். மகளுக்கு நிரந்தரவாசம், மகனுக்கு மட்டும் வேண்டாம், மாணவர் அனுமதிச்சீட்டிலேயே இருக்கட்டும் என்று பிரிக்கும் வீடுகளும் உண்டு. வெளிநாட்டு மாணவருக்கான சேர்க்கைத் தேர்வு, வெளிநாட்டு மாணவர் கட்டணம் ஆகியவற்றோடு வளரும் பையன், தங்கைக்கு மட்டும் ஏன் அட்டை இருக்கிறது என்று ஒருநாள் கேட்பான். அதற்கு உண்மையான பதிலைத் தயாராக வைத்திருப்பவர்கள் அதைச் செய்யட்டும்.

இந்தியாவுக்கு மீள்வது பற்றிய ஒரு வழக்கை நீங்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது உங்களைப் போன்ற ஒரு குடும்பத்தின் வழக்கு. 1998 டிசம்பரில் ஒரு தம்பதி சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றனர். அப்போது மனைவி கருவுற்றிருந்தார். 1999 மார்ச்சில் மகன் சிங்கப்பூரில் பிறந்தான். பதினெட்டு வயதானதும் அவன் இந்தியக் குடியுரிமையைத் திரும்பக் கேட்டான். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(2) பிரிவு, குடியுரிமையைத் துறந்தவரின் குழந்தை வயது வந்த ஓராண்டுக்குள் அதை மீட்டுக்கொள்ளலாம் என்கிறது. உள்துறை அமைச்சகம் மறுத்தது. கருவில் இருந்தபோதே அவனுக்கு இந்தியக் குடியுரிமை இருந்தது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. 2024 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெற்றோர் 8ஆம் பிரிவின்படி தாமாக அறிவித்துத் துறக்கவில்லை. வேற்றுக் குடியுரிமை ஏற்றதால் 9ஆம் பிரிவின்படி சட்டமே அவர்கள் குடியுரிமையை முடித்துவிட்டது. ஆகவே 8(2) தரும் மீட்பு அவர்கள் பிள்ளைக்கு இல்லை என்றது.

பெற்றோர் எந்தப் பிரிவின்கீழ் இந்தியக் குடியுரிமையை விட்டார்கள் என்ற, அவர்களே கவனித்திருக்க வாய்ப்பில்லாத ஒரு நுணுக்கம் பதினெட்டு ஆண்டு கழித்து மகனின் கதவை மூடியது. உங்கள் வீட்டில் இன்று சிறு பிள்ளைகள் இருந்தால், தூதரகத்தில் நீங்கள் கையெழுத்திடும் துறப்பு அறிவிப்பு எந்தப் பிரிவின்கீழ் பதிவாகிறது, எந்தத் தேதியில் பதிவாகிறது, சிங்கப்பூர் உறுதிமொழி எந்தத் தேதி என்பவற்றைப் பாருங்கள். துறப்புச் சான்றிதழை, ரத்துச் செய்யப்பட்ட பாஸ்போர்ட்டின் நகலை, பிள்ளைகளின் பிறப்புப் பதிவை ஒரே உறையில் போட்டு வையுங்கள். நகைச்சீட்டுக்குக் காட்டும் கவனத்தில் பாதி போதும்.

வேறொரு வழி திறந்தே இருக்கிறது. ஓசிஐ அட்டை பெற்று ஐந்தாண்டு ஆனவர், விண்ணப்பிக்குமுன் பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்திருந்தால், 5(1)(g) பிரிவின்படி இந்தியக் குடியுரிமைக்குப் பதிவு கேட்கலாம். அப்போது சிங்கப்பூர்க் குடியுரிமையை விட வேண்டும். அரசு தர வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனாலும் 'போனால் போனதுதான்' என்ற பேச்சு சரியில்லை என்பதற்கு இந்தப் பிரிவு சாட்சி.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஒரு நேர்மையான ஏற்பாடு இருக்கிறது. சிறுவனாக இருக்கும்போதே பெற்றோரால் குடியுரிமை பெற்றவர், இருபத்தொரு வயதானதும், இருபத்திரண்டு ஆவதற்குள், துறப்பும் விசுவாசமும் அடங்கிய உறுதிமொழியைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குடியுரிமை போய்விடும். அதாவது, பெற்றோர் எடுத்த முடிவை வளர்ந்த பிள்ளையிடம் நாடு மறுபடி கேட்கிறது. நிரந்தரவாசக் குடும்பத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாடும் கேட்பதில்லை, நீங்களும் கேட்பதில்லை. பதினாறரை வயதுக் கடிதம் கேள்வியாக வருவதில்லை, உத்தரவாக வருகிறது.

ஆகவே உங்களிடம் கேட்கப்படுவது இது. மகனுக்குப் பதின்மூன்று வயது ஆவதற்குள் முடிவெடுங்கள். திரும்பப் போவதுதான் திட்டம் என்றால் அவன் நண்பர்களும் வேரும் இங்கே இறுகுவதற்கு முன்பே, வெளிப்படையாக, குடும்பமாகப் போங்கள். இன்னும் அவனுக்கு நிரந்தரவாசம் கேட்கவில்லை என்றால் கேட்காதீர்கள். இருப்பதுதான் திட்டம் என்றால் அவனோடு சேர்ந்து நீங்களும் குடிமக்களாகுங்கள். சேமநிதியின் வெளியேறும் வழிக்காக அவனை மட்டும் முன்னே அனுப்பாதீர்கள். நிரந்தரவாசத்துக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் ஆலோசகர்களிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் விண்ணப்பத்தை நிரப்புவார்கள், அதில் மகன் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தின் பொருளைச் சொல்ல மாட்டார்கள். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கும் முடிவைச் சொல்லுங்கள்; வயல் யாருக்கு, கடைசிக் காலத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கும் உரிய கேள்விகள்.

அடுத்த முறை மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும் படிவத்தைத் திறக்கும் இரவில், பிள்ளைகளைத் தூங்க அனுப்பிவிட்டுக் கணவனும் மனைவியும் மட்டும் மடிக்கணினி முன் உட்காராதீர்கள். மகனையும் மகளையும் மேசைக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தேசிய சேவை என்றால் என்ன, ஓசிஐ என்றால் என்ன, தாத்தா வீட்டுக்குப் போக இனி என்ன வேண்டும், இந்த ஊரைவிட்டுப் போனால் எது போகும் என்று தமிழிலேயே சொல்லுங்கள். பிறகு அவர்களைப் பேச விடுங்கள். படிவத்தை அதற்கு மறுநாள் நிரப்புங்கள்.